துணியைக் கேட்டு வந்தவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு மகாராஷ்டிரத்தின் கிராமப்புறங்களில் ஓர் ஆய்வு நடந்தது. மும்பை டாடா நினைவு மையத்தின் அதுல் புதுக்கும் அவருடைய குழுவினரும், தேசிய இனப்பெருக்க நல ஆராய்ச்சி நிறுவனத்தாரும் சேர்ந்து நடத்தியது. 30 முதல் 50 வயது வரையுள்ள பெண்களிடம் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மாதவிடாயின்போது நீங்கள் பயன்படுத்திய துணியை, பேடை, தூர எறியாமல் எங்களிடம் கொடுங்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடுத்தார்கள். அந்தத் துணிகளை உறைகுளிரில் வைத்துக் காப்பாற்றி, காய்ந்த ரத்தத்திலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் அதில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். கண்டுபிடிக்க முடிந்தது. 2018இல் ஐரோப்பிய மருத்துவ இதழ் ஒன்றில் ஆய்வு வெளியானது.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1,24,000 பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்ததாகவும், சுமார் 77,000 பேர் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. முன்கூட்டியே கண்டால் தடுத்துவிடக்கூடிய நோய். ஆனால் முன்கூட்டியே காண வேண்டுமென்றால், வழக்கமான பரிசோதனையில் ஒரு பெண் மேசையில் படுத்துக் காலை அகட்ட வேண்டும். அந்நியர் ஒருவர் கருவியை உள்ளே விட வேண்டும். அதற்குப் பயந்தும் கூசியும் வராமலே இருந்துவிடுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு ஒரு மாற்றுவழி தேடித்தான் அந்த ஆய்வு. அந்த அறிவியலில் எனக்கு ஆர்வம் உண்டு. ஆனால் என்னை அந்த ஆய்வின் பக்கம் திரும்பத் திரும்ப இழுப்பது, அந்தப் பெண்கள் துணியைக் கொடுத்தார்கள் என்பதுதான்.

அந்தத் துணியை என்ன செய்ய வேண்டும் என்று நமக்கு எப்படியெல்லாம் பழக்கியிருக்கிறார்கள்! யாரும் எழுந்திருக்கும் முன்னே அலச வேண்டும். அலசிய தண்ணீரில் சிவப்பு தெரியாதவரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கொடியில் போட்டால் மேலே ஒரு பாவாடையைப் போர்த்த வேண்டும். வெயில் படாவிட்டாலும் பரவாயில்லை, கண் படக் கூடாது. பழசாகிப் போனால் எரிக்கக் கூடாது, புதைக்க வேண்டும்; பாம்பு தாண்டினால் பிள்ளை பிறக்காது. பேட் வந்த பிறகும் பழக்கம் மாறவில்லை. மருந்துக் கடையில் கேட்காமலே செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். நாமும் கேட்காமலே வாங்கிக்கொள்கிறோம். பதின்மூன்று வயதிலிருந்து இப்படி மறைத்தே வந்த ஒருத்தியிடம் போய், அதை ஒரு பையில் போட்டு, பையின் மேல் பெயரும் எண்ணும் எழுதிக் கொடு என்று கேட்கிறார்கள். அவள் கொடுக்கிறாள். இது சின்ன விஷயம் இல்லை.

மாதவிடாய் ரத்தத்தை ஆராய்ச்சிக்குத் தரப் பெண்கள் முன்வருவார்களா என்ற கேள்வியை இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேரடியாகவே கேட்டுப் பார்த்து, 2019இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்கள் தரத் தயாராக இருந்தார்கள். இதை வாசித்த நண்பர் ஒருவர், அது வெள்ளைக்காரப் பெண்கள், அங்கே கூச்சம் குறைவு என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மகாராஷ்டிரக் கிராமத்துப் பெண்களும் கொடுத்திருக்கிறார்களே. ஒரு பெண் கொடுப்பதும் கொடுக்காததும் அவளுடைய கூச்சத்தின் அளவைப் பொறுத்ததில்லை. கேட்பது யார், எதற்காகக் கேட்கிறார், கொடுத்த பிறகு என்ன நடக்கும், இவைதான் அதைத் தீர்மானிக்கின்றன.

நம் கோயம்புத்தூரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. அருணாசலம் முருகானந்தம் மலிவு விலை நாப்கின் செய்யும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த கதை, அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்த 2016க்கு முன்பே உலகம் அறிந்ததுதான். அந்தக் கதையின் நடுப்பகுதியை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். 1998இல் திருமணமானவர், மனைவி பழந்துணி வைத்திருப்பதைப் பார்த்துப் பஞ்சில் ஒரு பேட் செய்து கொடுக்கிறார். எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள மாதம் முழுக்கக் காத்திருக்க வேண்டும். சகோதரிகளிடம் கேட்கிறார், அவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் பேட்களைக் கொடுத்து, கருத்தை எழுதித் தரச் சொல்கிறார். எல்லாப் படிவங்களையும் ஓரிரு மாணவிகளே உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்ததைப் பிறகு கண்டுபிடிக்கிறார். கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை ஊற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு தானே அணிந்து பார்க்கிறார். கடைசியாக, பயன்படுத்திய பேட்களையே திருப்பிக் கொடுங்கள் என்று மாணவிகளிடம் கேட்டு வாங்கி, வீட்டுக் கொல்லையில் பரப்பி வைத்து ஆராய்கிறார். அதைப் பார்த்த அம்மா வீட்டை விட்டே போய்விடுகிறார்.

அவர் மேல் எனக்குள்ள மரியாதை பெரியது. சந்தைப் பேட்களை உப்புத் தண்ணீர் ஊற்றிச் சோதித்துக்கொண்டிருந்த காலத்தில் ரத்தத்தைக் கொண்டு சோதித்தவர் அவர். அமெரிக்காவில் ஓரிகான் மருத்துவப் பல்கலைக்கழகத்தார் பேட், டாம்பான், கப், டிஸ்க் எல்லாவற்றையும் மனித ரத்தம் ஊற்றி அளந்து வெளியிட்டது 2023இல்தான்; அதுவும் ரத்த வங்கியில் காலாவதியான ரத்தம், மாதவிடாய் ரத்தம் அல்ல. முருகானந்தத்தின் நோக்கத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனாலும் அந்த மாணவிகள் ஏன் படிவத்தில் பொய் எழுதினார்கள்? மருத்துவம் படிக்கிற பெண்கள், ரத்தத்துக்குக் கூசுகிறவர்கள் இல்லை. முன்பின் அறியாத ஓர் ஆண் கல்லூரி வாசலில் நின்று கேட்கிறார். தான் எழுதுவது எங்கே போகும், யார் படிப்பார்கள் என்று தெரியாது. உண்மையை எழுத அவர்களுக்கு அங்கே பிடிமானம் எதுவும் இல்லை. மகாராஷ்டிரத்தில் அந்தப் பிடிமானம் இருந்தது. எதைத் தேடுகிறோம் என்று முதலிலேயே சொன்னார்கள். தேடியது அந்தப் பெண்களைக் கொல்லக்கூடிய நோயை.

இதற்கு முன்பு யாரும் நம்மிடம் அந்தத் துணியைக் கேட்டதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தமிழ்க் கிராமங்களில் வண்ணாத்தி வாங்கிப் போயிருக்கிறாள். பூப்பெய்திய பெண்ணுக்கும் தீட்டு நாட்களில் ஒதுங்கியிருக்கும் பெண்ணுக்கும் மாற்றுத் துணி கொண்டுவந்து கொடுத்து, தீட்டுத் துணியை மூட்டை கட்டி எடுத்துப் போவது அவளுக்கு ஊர் விதித்த வேலை. தலித் மக்களுக்கு வெளுக்கும் புதிரை வண்ணார் சமூகத்தின் வாழ்க்கையை இமையம் ‘கோவேறு கழுதைகள்’ நாவலில் எழுதியது 1994இல். பழைய ஆட்கள் ஒன்று சொல்லக் கேட்டிருக்கிறேன்: எந்த வீட்டுப் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்பது மாமியாருக்குத் தெரியும் முன் வண்ணாத்திக்குத் தெரியும். மூட்டையில் ஒரு துணி குறைந்தால் போதும். எந்த வீட்டில் பெரும்பாடு, எந்த வீட்டில் கட்டி கட்டியாகப் போகிறது, எந்த வீட்டில் நின்ற பிறகு மறுபடி கண்டது, எல்லாம் ஆற்றங்கரைக் கல்லில் அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். துணியை வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் அவள். அவளிடம் யாரும் எதுவும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவளுக்குக் கிடைத்தது சோறும் தீண்டாமையும்.

துணியை ஒரு பெண் வாசித்துச் சொல்வது இன்னொரு இடத்திலும் நடக்கிறது. கேரளத்தில் செங்கன்னூர் மகாதேவர் கோயிலில் பகவதிக்கு மாதவிடாய் வருவதாக நம்பிக்கை. அம்மனின் வெள்ளாடையில் கறை தெரிந்தால், தந்திரி குடும்பத்தின் மூத்த பெண்மணி அதைப் பார்த்து உறுதிசெய்கிறார். கருவறையை மூடி, பிறகு ஆற்றில் நீராட்டித் திருப்பூத்து ஆராட்டு நடத்துகிறார்கள். அந்த ஆடைக்குப் பக்தர்கள் காத்திருந்து வாங்கிப் போகிறார்கள். சபரிமலைக்குப் போகும் நம் ஊர்க்காரர்கள் ரயிலை விட்டு இறங்குவது அதே செங்கன்னூரில்தான்.

அறிவியலும் தன் பங்குக்கு இந்த ரத்தத்தின் மீது பழி சுமத்தியிருக்கிறது. வியன்னாவில் பேலா ஷிக் என்று ஒரு பெயர்பெற்ற குழந்தைநல மருத்துவர் இருந்தார். தொண்டை அடைப்பான் நோய்க்கான பரிசோதனை ஒன்று அவர் பெயரில் இருக்கிறது. வீட்டு வேலைக்காரப் பெண் கையில் கொடுத்த பூக்கள் மறுநாள் வாடியிருந்தன, அவளுக்கு அப்போது மாதவிடாய் என்று கண்டு, மாதவிடாயில் ஒரு நஞ்சு இருக்கிறது என்று 1920இல் கட்டுரை எழுதினார். ‘மெனோடாக்சின்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பெயர் மருத்துவ இதழ்களில் உலவியது. 1940களில் ஹார்வர்டில் ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித் தம்பதியர் எலிகளுக்கு மாதவிடாய் ரத்தத்தை ஊசியில் ஏற்றினார்கள்; எலிகள் செத்தன; நஞ்சு உறுதி என்றார்கள். 1953இல் பெர்ன்ஹார்ட் சோண்டெக் அதே ரத்தத்துடன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். எலிகள் பிழைத்துக்கொண்டன. கொன்றது பாக்டீரியா. எந்த ரத்தத்தையும் கிருமி சேரவிட்டு ஏற்றினால் அதுதான் நடக்கும். இவ்வளவு எளிய சோதனைக்கு இவ்வளவு காலம் ஆனதன் காரணம், விடையை முன்பே முடிவு செய்துவிட்டுக் கேள்வி கேட்டதுதான். அந்த வேலைக்காரப் பெண்ணிடம் அவள் சம்மதத்தைக் கேட்டார்களா என்ற யோசனை எனக்கு அடிக்கடி வரும்.

வெளியே போவது ரத்தம் மட்டும் இல்லை. கருவைத் தாங்குவதற்காக மாதாமாதம் தடித்து வளரும் கருப்பையின் உட்படலமே உதிர்ந்து வருகிறது. அதில் திசு இருக்கிறது, சளி இருக்கிறது, நோய் எதிர்ப்புச் செல்கள் இருக்கின்றன. 2012இல் வெளியான ஓர் ஆய்வு மாதவிடாய் ரத்தத்தில் 1,061 வகைப் புரதங்களைக் கண்டது. அவற்றில் 385 வகை, கை நரம்பில் எடுக்கும் ரத்தத்திலும் பிறப்புறுப்பின் திரவத்திலும் காணப்படாதவை. 2007இல் இந்த ரத்தத்திலிருந்து, ஸ்டெம் செல் எனப்படும், வேகமாகப் பெருகும் குருத்தணுக்களைப் பிரித்தெடுத்திருந்தார்கள். 2016இல் சீனாவில், கருப்பைச் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன 7 பெண்களுக்கு அவரவர் மாதவிடாய் ரத்தத்திலிருந்து எடுத்த குருத்தணுக்களையே கருப்பைக்குள் செலுத்தினார்கள். 5 பேருக்கு உட்படலம் மீண்டும் வளர்ந்தது, சிலர் கருவுற்றார்கள். ஏழே பேர்தான், இதை வைத்துப் பெரிய வாக்குறுதி எதுவும் தர முடியாது. ஆனாலும் தூர எறிவதற்கென்றே இருப்பதாக நாம் நினைத்திருந்த ஒன்றில்தான் இது இருந்தது.

ஆய்வகங்களில் வளர்க்கும் சாதாரண வெள்ளெலிக்கு மாதவிடாய் கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மனிதர், குரங்கினத்தில் சில, வௌவால்களில் சில, யானைமூஞ்சூறு, அதை விட்டால் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் அண்மையில் கண்டறிந்த ஒருவகை முள்மயிர் எலி. பட்டியல் அவ்வளவுதான். இந்த விஷயத்தில் பெண்ணுக்குப் பதிலாக வேறொரு உயிரைக் காட்டி எளிதில் தப்பிக்க வழியில்லை. அவள் கொடுத்தால்தான் உண்டு.

கொடுப்பதால் என்ன தெரியவரும் என்பதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்ற ஒரு நோயே போதும். உட்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சூலகத்தில், குடல் மேல், மூத்திரப்பை மேல் ஒட்டி வளர்வது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘சாக்லேட் சிஸ்ட்’ என்று எழுதியிருப்பார்களே, அது இதன் ஒரு வடிவம். இனப்பெருக்க வயதில் இருக்கும் பெண்களில் சுமார் 10 சதவீதம், உலகம் முழுக்க 19 கோடி பேர், இதனால் அவதிப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வலி தொடங்கியதிலிருந்து இன்னதென்று பெயர் தெரியவே ஆறு, ஏழு, பத்து வருடம்கூட ஆகிறது. அதுவரை என்ன சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும். எல்லாருக்கும் இருக்கிறதுதான். வெந்தயத்தை முழுங்கு. கல்யாணமானால் சரியாகும். கல்யாணமான பிறகு, ஒரு பிள்ளை பெற்றால் சரியாகும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் வயிற்றில் துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில் பார்ப்பது ஒன்றே வழி என்று நெடுங்காலம் இருந்தது.

1920களில் ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு விளக்கம் சொன்னார்: மாதவிடாய் ரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கிப் போய் வயிற்றுக்குள் விழுந்து, அங்கே வேர் பிடிக்கிறது. பிற்பாடு தேடியபோது, பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கும் நடப்பதுதான் என்று தெரிந்தது. அப்படியானால் பத்தில் ஒருத்திக்கு மட்டும் ஏன் வேர் பிடிக்கிறது? அந்த ரத்தத்திலேயே வித்தியாசம் இருக்க வேண்டும் அல்லவா? யாரும் அந்த ரத்தத்தை எடுத்து ஒழுங்காகப் பார்க்கவில்லை. நியூயார்க் அருகே மன்ஹாசெட்டில் ஃபைன்ஸ்டைன் ஆராய்ச்சி நிறுவனத்தில் கிறிஸ்டின் மெட்ஸும் பீட்டர் கிரெகர்சனும் 2013இல் ‘ரோஸ்’ என்ற ஆய்வைத் தொடங்கி, பெண்களிடம் அதைக் கேட்டார்கள். நோய் உள்ளவர்களும் கொடுத்தார்கள், இல்லாதவர்களும் கொடுத்தார்கள். வீட்டிலேயே கப்பில் சேகரித்து, குழாயில் ஊற்றி, மூடி இறுக்கி, ஐஸ் பொதியோடு பெட்டியில் வைத்துக் கூரியரில் அனுப்பினார்கள். நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் கருப்பைக்கே உரிய இயற்கைக் கொல்லிச் செல்கள் குறைவாக இருப்பதையும், உட்படலச் செல்கள் கருவை ஏற்கத் தயாராகும் மாற்றத்தைச் சரிவர அடையாததையும் 2018இல் எழுதினார்கள். வயிற்றைத் துளைக்காமல் நோயைக் கண்டுபிடிக்கும் வழி இதிலிருந்து பிறக்கலாம். ஒரு வேதனையும் இல்லாத பெண்கள், தங்களுக்கு ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தே, காலையில் எழுந்து அந்தக் குழாயை நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள். மற்றவளுடைய வலியை நம்பியவர்கள் அவர்கள்.

இதையெல்லாம் உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் என் பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். முப்பத்தாறு வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அவரை இந்தப் பேச்சு சங்கடப்படுத்தும் என்று தயங்கித்தான் ஆரம்பித்தேன். உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைக்கக்கூட இல்லை.

“குடுக்கிறதுக்கு என்னத்தா? போறதுதான?” என்றார். “அதுல பாத்தா என்ன நோவுன்னு தெரியுமாக்கும்?”

“சிலது தெரியும்னு சொல்றாங்க பெரியம்மா.”

“தெரிஞ்சா நமக்குச் சொல்லுவாங்களா?”

பதில் சொல்லத் தெரியாமல், “ஆராய்ச்சிக்குத்தான் பெரியம்மா கேக்குறாங்க” என்றேன்.

“அதான் கேக்கேன். எனக்குப் பையை எடுத்தப்ப ஒங்க பெரியப்பாதான் கையெழுத்துப் போட்டாரு. எடுத்ததை எங்க கொண்டு போனாங்க, அதுல என்ன இருந்துச்சு, ஒருத்தரும் சொல்லலை. நானும் கேக்கலை. என்னமோ கட்டின்னாங்க. இப்ப கேக்க வர்றவங்களாவது சொல்லுவாங்களான்னேன்.”

எத்தனையோ ஆய்வாளர்கள் படிவம் போட்டுக் கேட்டிருக்கிற கேள்வி, பெண்கள் தருவார்களா என்பது. பெரியம்மாவுக்கு அது அரை நொடியில் முடிந்த சங்கதி. அவர் திருப்பிக் கேட்டதற்குத்தான் மருத்துவ ஆராய்ச்சி உலகத்தில் நல்ல பதில் இல்லை. ஆராய்ச்சிக்கென்று எடுக்கும் மாதிரியில் பெயரை நீக்கி எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். நூறு பேரின் சராசரி என்னவென்று கட்டுரை வரும். உன்னுடையதில் இன்னது இருந்தது என்று கொடுத்தவளிடம் வந்து சொல்வது பெரும்பாலும் வழக்கத்தில் இல்லை. ஆனால் காசு கொடுத்தால் சொல்கிறார்கள். சாரா நசேரி நிறுவிய ‘கியூவின்’ என்ற அமெரிக்க நிறுவனம், பேடுக்குள் ஒரு பட்டையை வைத்து, அதில் படியும் மாதவிடாய் ரத்தத்தைக் கொண்டே மூன்று மாதச் சர்க்கரை அளவைச் சொல்கிறது. 2024 ஜனவரியில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. முடிவு நேராக அந்தப் பெண்ணின் செல்பேசிக்கு வருகிறது. வாங்குகிறவளுக்குச் சொல்ல முடிகிறது என்றால் கொடுக்கிறவளுக்கும் சொல்ல முடியும். மனம் வைக்க வேண்டும்.

சொல்வதிலும் ஆபத்து இருக்கிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. எச்.பி.வி. உடலுறவின் வழியே பரவும் வைரஸ். பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து, தானே போய்விடுவது. ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு ‘உனக்கு இருக்கிறது’ என்று தாள் வந்தால், வீட்டில் முதலில் கேட்கப்போவது புற்றுநோயைப் பற்றி இல்லை. புருஷனிடமிருந்து வந்த வைரஸுக்கு அவள் ஒழுக்கம் விசாரணைக்கு வரும். ஆகவே, யாரிடம், எங்கே வைத்து, எந்த வார்த்தையில் சொல்வது என்பது ஆய்வின் பிற்சேர்க்கையாக இருக்க முடியாது. துணியைக் கேட்கப் போகும் முன்பே அது முடிவாகியிருக்க வேண்டும். கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள், மாதாமாதம் மெஃப்டாலும் வெந்நீர்ப் பையுமாகச் சுருண்டு கிடப்பவள், “நான் தர்றேன் அத்தை, ஆனா அப்பாவுக்குத் தெரியக் கூடாது” என்றாள். கப் வைக்கத் தொடங்கியதே அவளுக்கு வீட்டில் சொல்ல முடியாத ரகசியம். கல்யாணமாகாத பெண் எதையும் உள்ளே வைப்பதா என்று பாட்டி கேட்பாள்.

கொடுத்தது யாருடையது என்ற கேள்வியும் நிற்கிறது. 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவளைக் கேட்காமல் எடுத்த செல்கள் இன்றும் உலகின் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குள் பின்னாளில் கண்டது எச்.பி.வி. 18 என்ற வகை வைரஸை. அந்த செல்களால் லாபம் அடைந்த நிறுவனம் ஒன்று அவள் குடும்பத்தோடு சமரசத்துக்கு வந்தது 2023இல். இங்கே சென்னையின் லைஃப்செல் நிறுவனம் 2010களின் தொடக்கத்தில் மாதவிடாய் ரத்தக் குருத்தணுக்களைக் கட்டணத்துக்குச் சேமித்து வைக்கும் சேவையைக் கொண்டுவந்தது. பின்பு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள், தொப்புள்கொடி ரத்தத்தைத் தவிர வேறு எதையும் வணிகமாகச் சேமிக்க அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டன. சரியான முடிவுதான். நிரூபிக்கப்படாத நம்பிக்கையைக் காசாக்கக் கூடாது. ஆனால் தடையோடு நிறுத்திக்கொண்டால் போதாது. பணம் வாங்காமல், பொது நிறுவனங்கள் பொறுப்பேற்று, பெண்களிடம் கேட்டு வாங்கிப் படிக்கும் ஆராய்ச்சி இங்கே பெருக வேண்டும்.

ஏனென்றால் நம் பெண்களின் மாதவிடாய் வலி ஏற்கெனவே பிறர் கைக்குள் இருக்கிறது. தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் வலி என்றால், பெயர் எழுதாத மாத்திரையை சூப்பர்வைசர் கையில் கொடுத்து மெஷினுக்கு அனுப்புவதை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை சுமார் நூறு பெண்களிடம் பேசி வெளிக்கொண்டுவந்தது. என்ன மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. பின்விளைவும் யாரும் சொல்லவில்லை. அந்த வலி ஒருவருக்கு நார்க்கட்டியாக இருக்கலாம், இன்னொருவருக்கு எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். ஷிப்டு தவறாமல் ஓடியது என்பது மட்டுமே கணக்கில் ஏறியது. அதே நேரத்தில், நகரங்களின் குப்பைக் கிடங்குகளில், 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் தனியே சுற்றித் தர வேண்டும் என்று சொல்லியும், எல்லாரும் எறிந்த நாப்கின்களைப் பலமுறை வெறுங்கையால் பிரித்தெடுப்பவர்களும் பெண்கள்தான். வண்ணாத்தியின் வேலை போகவில்லை, சீருடை மாறியிருக்கிறது. ஆய்வகத்தில் இரட்டைக் கையுறை போட்டுத் தொடும் பொருளை அவர்கள் தினமும் கையில் எடுக்கிறார்கள். இந்த ரத்தத்தைப் பற்றிய எந்த ஆராய்ச்சியும் முதலில் அவர்கள் கைக்குக் கையுறை கிடைத்ததா என்று கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஊர் ஊராக வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். அதே தெருக்காரர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள், எந்த வீட்டில் எதைப் பேசலாம், எதை வாசலில் வைத்துப் பேசக் கூடாது என்று தெரிந்தவர்கள். மாதவிடாய் ரத்தத்தைக் கேட்டு இங்கே ஓர் ஆய்வு தொடங்குமானால் அவர்கள் மூலமாகத் தொடங்க வேண்டும். அந்த வேலைக்கு அவர்களுக்குத் தனியாகச் சம்பளமும் கொடுக்க வேண்டும். படிவத்தில் கணவரின் கையெழுத்துக்கு இடம் இருக்கக் கூடாது. எதைத் தேடுகிறோம், யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்போம், பிறகு என்ன செய்வோம் என்பதைப் பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். நோய்க்குறி ஏதாவது தென்பட்டால் அதைக் கொடுத்தவளிடம் தனியாக, முதலில் சொல்வோம், சிகிச்சைக்கும் வழி செய்வோம் என்று எழுத்தில் தர வேண்டும். இதைத் திட்டமிடும் இடத்தில் இருக்கும் மருத்துவர்களும் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இதைப் படிக்க நேர்ந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெண்கள் தருவார்களா என்று இன்னொரு கணக்கெடுப்பு வேண்டாம். தருவார்கள். நீங்கள் திருப்பி என்ன தரப்போகிறீர்கள் என்பதை முதலில் எழுதிக்கொண்டு வாருங்கள்.